ஆர் மொழியில் வெக்டரிலிருந்து மதிப்புகளை நீக்கும்போது எழும் பிழைகள்: அறிகுறி வாரியாகத் தீர்வுகள்

ஒரு வெக்டரிலிருந்து (ஒரே வகை மதிப்புகள் வரிசையாக அடுக்கப்பட்ட தொகுதியிலிருந்து) வேண்டாத மதிப்புகளை நீக்குவது, புள்ளியியல் வேலைக்கான கணினிமொழியான ஆர் மொழியைக் கற்கத் தொடங்கும் நாட்களிலேயே தேவைப்பட்டுவிடும் வேலை. பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த வேலையில்தான், பிழைச்செய்தி எதையும் காட்டாமல் தவறான விடையைத் தரும் ஆணைகள் மிகுதியாக இருக்கின்றன. அதற்கு அடிப்படையான ஒரு காரணம் உண்டு. எண்களோ எழுத்துகளோ கொண்ட சாதாரண வெக்டரிலிருந்து ஒரு மதிப்பை அழிப்பதற்கென்று ஆர் மொழியில் தனி ஆணை கிடையாது. சதுர அடைப்புக்குறிக்குள் நாம் எழுதுவது எல்லாமே தேர்வுதான்; எந்தப் பகுதி வேண்டும் என்று சொல்கிறோம், அந்தப் பகுதியை மட்டும் கொண்ட புதிய வெக்டரை ஆர் தருகிறது. நீக்குவதாக எண்ணிக்கொண்டு நாம் எழுதுவதை ஆர் தேர்வாகவே படிக்கிறது என்பதை மனத்தில் வைத்தால், கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை விளங்கிவிடும்.

ஆணைகளை எழுதியிருக்கும் முறை பற்றி ஒரு விளக்கம். செயற்கூறுகளின் (ஃபங்ஷன்களின்) பெயர்களை ஒலிப்புக்கேற்பத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். கணினியில் தட்டும்போது அவற்றின் ரோமன் எழுத்துக்கூட்டலைச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். என்ஏ (விடுபட்ட மதிப்பு), ட்ரூ (உண்மை), ஃபால்ஸ் (பொய்), நல் (வெறுமை) ஆகிய நான்கை மட்டும் பெரிய எழுத்துகளில் தட்ட வேண்டும். மாறிகளின் பெயர்களையும் ரோமன் எழுத்தில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது. குறிகளும் எண்களும் இங்கு உள்ளபடியே இருக்கட்டும்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கெடுப்பில் கிடைத்த எட்டு விடைகளை எடுத்துக்கொள்வோம். பதில் சொல்ல மறுத்தவருக்கு 998 என்றும், கேள்வி பொருந்தாதவருக்கு 999 என்றும் குறியிட்டிருக்கிறார்கள். சி என்னும் செயற்கூறால் அவற்றை ஒரே வெக்டராகச் சேர்த்து, அ என்ற மாறியில் இடுகிறோம்.

அ <- சி(12, 7, 999, 7, 30, 998, 999, 12)

இந்தக் குறிகளை நீக்காமல் சராசரி எடுத்தால் 383 என்று வரும். நீக்கிவிட்டு எடுத்தால் 13.6. ஆகவே எந்தத் திருத்தத்தையும் செய்து பார்ப்பதற்கு முன், நீக்கப்பட வேண்டியவை எத்தனை என்பதைத் தனியே எண்ணிக்கொள்ளுங்கள்.

சம்(அ %இன்% சி(998, 999))

அ-வில் உள்ள மதிப்புகளில் 998, 999 ஆகியவை எத்தனை என்று இது எண்ணுகிறது. விடை 3. வெக்டரின் நீளம் 8. எனவே நீக்கிய பிறகு நீளம் 5 ஆக இருக்க வேண்டும். இந்த மூன்று எண்களும் கையில் இருந்தால், உங்கள் பிழை கீழே எந்தத் தலைப்பின்கீழ் வருகிறது என்பதை உடனே கண்டுகொள்ளலாம். சரியான ஆணையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்:

அ <- அ[!(அ %இன்% சி(998, 999))]

ஆணை ஓடுகிறது, ஆனால் நீளம் எட்டாகவே இருக்கிறது

முதலில் பார்க்க வேண்டியது, விடையை மாறியில் திரும்ப இட்டீர்களா என்பதை. சதுர அடைப்புக்குறி புதிய வெக்டரைத் திரையில் காட்டுமே தவிர, பழைய வெக்டரைத் தொடாது. திரையில் ஐந்து எண்களைப் பார்த்துவிட்டு, அடுத்த வரியில் சராசரி எடுத்தால் பழைய 383 வருவது இதனால்தான்.

திரும்ப இட்டும் நீளம் மாறவில்லையென்றால், அ[-999] என்று எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். கழித்தல் குறி இடத்தைக் குறிக்கிறது, மதிப்பை அன்று. 'தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் இடத்தில் இருப்பதை விட்டுவிட்டு மற்றவற்றைத் தா' என்று ஆர் இதைப் படிக்கிறது. எட்டு இடங்களே உள்ள வெக்டரில் அப்படியோர் இடம் இல்லை. ஆகவே முழு வெக்டரையும் ஓசையின்றித் திருப்பித் தந்துவிடுகிறது. இல்லாத இடத்தை விலக்கச் சொன்னதற்கு ஓர் எச்சரிக்கையாவது தந்திருக்கலாம் என்பது என் கருத்து, ஆனால் மொழி அப்படி அமையவில்லை.

மூன்றாவது காரணம், 'அல்லது' குறி.

அ[அ != 998 | அ != 999]

வாய்மொழியாகச் சொல்லும்போது '998 அல்லது 999 வேண்டாம்' என்கிறோம். அதை அப்படியே ஆணையாக்கினால் இந்த வடிவம் வருகிறது. ஆனால் 999 என்ற மதிப்பு 998-க்குச் சமமன்று என்பதால் முதல் நிபந்தனையை நிறைவேற்றிவிடுகிறது. 998 இரண்டாவதை நிறைவேற்றிவிடுகிறது. எந்த எண்ணும் ஒரே நேரத்தில் இரண்டுக்கும் சமமாக இருக்க முடியாதாகையால் எல்லா மதிப்புகளும் தங்கிவிடுகின்றன. இங்கு வேண்டியது 'மற்றும்' குறியான &. எதிர்மறைக் குறியைத் தொடக்கத்தில் வைத்து !அ == 998 | அ == 999 என்று எழுதுவோருக்கு வேறு சிக்கல்: ஆச்சரியக்குறி முதல் நிபந்தனையோடு நின்றுவிடுவதால் 998 மட்டும் போகிறது, 999 இரண்டும் இருக்கின்றன. முழு நிபந்தனையையும் அடைப்புக்குறிக்குள் வைத்து, அதற்கு முன் ஆச்சரியக்குறியை இட்டால் இது தீரும்.

மதிப்புகளை எந்த வரிசையில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது

இதுதான் இக்கட்டுரையில் உள்ளவற்றிலேயே ஆபத்தான பிழை. பின்வரும் ஆணையைப் பாருங்கள்.

அ[அ != சி(998, 999)]

இது எதையும் நீக்காது; எட்டு மதிப்புகளும் அப்படியே வரும். எண்களின் இடத்தை மட்டும் மாற்றி சி(999, 998) என்று எழுதினால், மூன்று குறிகளும் நீங்கி, சரியான ஐந்து மதிப்புகள் வரும். இரண்டு ஆணைகளுக்கும் எச்சரிக்கை கிடையாது.

ஆர் ஒரு நீண்ட வெக்டரையும் குறுகிய வெக்டரையும் ஒப்பிடும்போது, குறுகியதைத் திரும்பத் திரும்ப அடுக்கி நீளத்தைச் சமன் செய்கிறது. 998, 999, 998, 999 என்று எட்டு இடங்கள் வரை அடுக்கப்பட்டபின், முதல் இடம் முதல் இடத்தோடும், இரண்டாம் இடம் இரண்டாம் இடத்தோடும் மட்டும் ஒப்பிடப்படுகின்றன. நம் வெக்டரில் 999 என்பது மூன்றாம், ஏழாம் இடங்களில் இருக்கிறது. அடுக்கியதில் அவ்விரு இடங்களிலும் 998 நிற்கிறது. ஆறாம் இடத்தில் 998 இருக்கிறது. அதற்கு எதிரே 999. ஆகவே ஒன்றுகூடப் பொருந்தவில்லை. வரிசையை மாற்றியபோது மூன்றும் தற்செயலாகப் பொருந்தின. அந்தத் தற்செயலைச் சரியான விடை என்று நம்பி, அதே ஆணையை அடுத்த கோப்புக்கும் பயன்படுத்துவதுதான் பெரிய கேடு.

வெக்டரின் முன்னால் இன்னொரு மதிப்பைச் சேர்த்து நீளத்தை ஒன்பதாக்கினால், நீண்டதன் நீளம் குறுகியதன் மடங்காக இல்லை என்ற எச்சரிக்கை தோன்றும். நீளம் மடங்காக அமைந்துவிட்டால் எச்சரிக்கை வராது. ஆகவே இந்த எச்சரிக்கை எப்போதாவது தோன்றினால் அதை எப்படி மறைப்பது என்று தேடாமல், அவ்வரியில் != அல்லது == குறியின் வலப்பக்கம் ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்புகள் உள்ளனவா என்று பாருங்கள். ஒரே மதிப்பை நீக்க != போதும்; இரண்டும் அதற்கு மேலும் என்றால் %இன்% தவிர வேறு எதையும் நாட வேண்டாம். இரண்டு விழுக்காட்டுக் குறிகளுக்கிடையே ஐ, என் என்ற இரு ரோமன் எழுத்துகளைக் கொண்ட இந்தச் செயற்குறி, இடப்பக்கத்தின் ஒவ்வொரு மதிப்பையும் வலப்பக்கத்தின் பட்டியல் முழுவதிலும் தேடுகிறது. வரிசைக்கு அங்கே வேலையில்லை.

சில நீங்கி, சில தங்குவதற்கு மடக்கும் (ஆணைகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப்) காரணமாகலாம். ஒன்று முதல் எட்டு வரை ஓடும் ஃபார் மடக்குக்குள், 999 தென்படும்போதெல்லாம் அந்த இடத்தை நீக்கிவிடும்படி எழுதியிருந்தால், முதல் நீக்கம் நடந்தவுடன் வலப்பக்க மதிப்புகள் எல்லாம் ஓரிடம் முன்னே நகர்ந்துவிடுகின்றன. மடக்கு அதை அறியாமல் அடுத்த எண்ணுக்குத் தாவுகிறது. இரண்டு 999 அடுத்தடுத்து இருந்தால் இரண்டாவது தப்பிவிடும். கடைசியில், இல்லாத இடத்தைப் படித்து என்ஏ கிடைக்க, ட்ரூ அல்லது ஃபால்ஸ் வேண்டிய இடத்தில் மதிப்பு இல்லை என்ற பொருளில் பிழைச்செய்தி வந்து ஓட்டம் நிற்கும். மடக்கைச் சீர்செய்ய முயல வேண்டாம். அதை நீக்கிவிட்டு மேலே தந்த ஒற்றை வரியை இடுங்கள்.

நீக்கச் சொன்னது இருக்கிறது, வேறொன்று காணாமற் போய்விட்டது

அ[-7] என்று எழுதியவர் இரண்டு 7-களும் போகும் என்று எதிர்பார்த்திருப்பார். போனது ஏழாம் இடத்திலிருந்த 999. காரணம் முன்பே சொன்னதுதான்.

இதன் இன்னொரு வடிவம் சற்று வேடிக்கையானது. விடுபட்ட மதிப்புகளை நீக்க வேண்டும் என்று எண்ணி, ஆச்சரியக்குறி இட வேண்டிய இடத்தில் கழித்தல் குறியை இட்டு, ஓசோன்[-இஸ்.என்ஏ(ஓசோன்)] என்று எழுதிவிடுகிறார்கள். ஆர் மொழியோடு வரும் ஏர்குவாலிட்டி தரவில், 1973-ஆம் ஆண்டு மே முதல் செப்டம்பர் வரை நியூயார்க்கில் பதிவான 153 நாட்களின் காற்றுத்தர அளவுகள் உள்ளன. அதன் ஓசோன் நிரலில் (அட்டவணையின் நெடுவரிசையில்) 37 இடங்கள் என்ஏ. அந்நிரலில் மேற்கண்ட ஆணையை ஓட்டினால் 152 மதிப்புகள் வரும். முதல் நாளின் 41 என்ற நல்ல மதிப்பு போய்விடும். 37 என்ஏ-க்களும் அப்படியே இருக்கும். ட்ரூ என்பதைக் கழித்தல் குறி -1 ஆகவும், ஃபால்ஸ் என்பதை 0 ஆகவும் மாற்றிவிடுகிறது. 'முதலாம் இடத்தை விலக்கு' என்பதே மிஞ்சுகிறது. என்ஏ எதுவுமே இல்லாத வெக்டரில் இதே ஆணை எல்லா இடங்களையும் 0 ஆக்கி, வெறும் வெக்டரைத் தந்துவிடும்.

முதல் மூன்று இடங்களை விலக்க அ[-1:3] என்று எழுதினால் நேர்மறை, எதிர்மறைச் சுட்டெண்களைக் கலக்க முடியாது என்ற பிழைச்செய்தி வரும், ஏனெனில் -1 முதல் 3 வரை என்று அது படிக்கப்படுகிறது. அ[-(1:3)] என்று அடைப்புக்குறி இடுங்கள்.

வெக்டர் முழுவதும் காலியாகிவிட்டது

நியூமெரிக்(0) என்றோ கேரக்டர்(0) என்றோ திரையில் வந்தால், பெரும்பாலும் இந்த வடிவம்தான் காரணமாக இருக்கும்:

அ[-விச்(அ == 997)]

விச் என்னும் செயற்கூறு, டபிள்யூ, எச், ஐ, சி, எச் என்ற எழுத்துக்கூட்டல் உடையது, நிபந்தனை பொருந்தும் இடங்களின் எண்களைத் தருகிறது. 999 என்று எழுதியிருந்தால் 3, 7 என்ற இடங்கள் கிடைத்து, ஆணை சரியாக நடந்திருக்கும். 997 நம் வெக்டரில் இல்லை. ஆகவே விச் தருவது வெறுமையான பட்டியல். வெறுமைக்கு முன் கழித்தல் குறி இட்டாலும் அது வெறுமைதான். எந்த இடமும் வேண்டாம் என்று சொன்னதாக ஆர் எடுத்துக்கொண்டு, எதையும் தராமல் விடுகிறது.

இந்த வடிவம் பரவலாகப் பயிலப்படுவதற்குக் காரணம், சோதித்துப் பார்க்கும் தரவில் நீக்க வேண்டிய மதிப்பு எப்போதும் இருப்பதுதான். பன்னிரண்டு மாதக் கோப்புகளை ஒரே ஆணைத்தொடரால் சுத்தம் செய்யும்போது, ஏதோ ஒரு மாதத்தில் அந்தக் குறி ஒன்றுகூட இல்லாவிட்டால், அம்மாதத்தின் முழுத் தரவும் பிழைச்செய்தியின்றி மறைந்துவிடும். அ[அ != 997] என்று எழுதினால் பொருந்துவது எதுவும் இல்லாதபோது முழு வெக்டரும் திரும்ப வரும்; நாம் விரும்புவதும் அதுவே. முதல் முறை தோன்றுவதை மட்டும் நீக்குவதற்காக மேட்ச் என்னும் செயற்கூறைக் கழித்தல் குறியோடு பயன்படுத்துவோரும் இதே கவனத்தைக் கொள்ள வேண்டும். மதிப்பு கிடைக்காதபோது அங்கே மிஞ்சுவது ஒற்றை என்ஏ.

எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் குறைந்துவிட்டது

செட்டிஃப்(அ, சி(998, 999)) என்று எழுதினால் 12, 7, 30 என்ற மூன்றே மதிப்புகள் வரும். செட்டிஃப் கணக்கோட்பாட்டின்படி இயங்குவது. கணத்தில் ஓர் உறுப்பு ஒருமுறைதான் இருக்க முடியும் என்பதால், திரும்ப வந்த 12-ஐயும் 7-ஐயும் அது விட்டுவிடுகிறது. சராசரி 13.6-க்குப் பதிலாக 16.33 என்று வரும். பார்ப்பதற்குச் சந்தேகமே எழுப்பாத எண் அது. நிரல்களின் பெயர்ப் பட்டியல் போன்று, மதிப்புகள் திரும்ப வராத இடங்களில் செட்டிஃப் மிகப் பொருத்தமானது. அளவீடுகளுக்கு அதைப் பயன்படுத்தலாகாது.

என்ஏ நீங்க மறுக்கிறது, அல்லது புதிதாக முளைக்கிறது

ஓசோன்[ஓசோன் != என்ஏ] என்று எழுதினால் 153 என்ஏ-க்கள் வரும். என்ஏ என்பது தெரியாத மதிப்பு. தெரியாத ஒன்றோடு 41 சமமா என்று கேட்டால், விடையும் 'தெரியாது' என்றுதான் இருக்க முடியும். ஆகவே ஒவ்வோர் ஒப்பீடும் என்ஏ ஆகிறது, ஒவ்வோர் இடமும் என்ஏ ஆகவே தேர்வாகிறது. இதற்கென்றே உள்ளது இஸ்.என்ஏ:

ஓசோன்[!இஸ்.என்ஏ(ஓசோன்)]

116 மதிப்புகள் கிடைக்கும்.

இதனினும் நுட்பமான வடிவம், ஒரு வெக்டரின் நிபந்தனையைக் கொண்டு மற்றொரு வெக்டரைக் குறைக்கும்போது தோன்றுகிறது. அதே தரவில் வெப்பநிலை நிரலில் விடுபட்ட மதிப்பு ஒன்றுமில்லை. ஆனால், வெப்பநிலை[ஓசோன் != 18] என்று எழுதினால் விடையில் 37 என்ஏ-க்கள் இருக்கும். மே மாதம் ஐந்தாம் நாள் ஓசோன் பதிவாகவில்லை. வெப்பநிலை 56 டிகிரி ஃபாரன்ஹீட் என்று பதிவாகியிருக்கிறது. நிபந்தனை அந்த நாளுக்கு என்ஏ ஆனதால், 56 என்ற உண்மையான அளவு அழிந்து அதன் இடத்தில் என்ஏ வந்து நிற்கிறது. அதை நீக்கியதாகவும் கொள்ள முடியாது, வைத்துக்கொண்டதாகவும் கொள்ள முடியாது.

இங்கே நீங்கள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். ஓசோன் தெரியாத நாட்களை வைத்துக்கொள்ள விரும்பினால், !(ஓசோன் %இன்% 18) என்று எழுதுங்கள்; %இன்% ஒருபோதும் என்ஏ-வை விடையாகத் தருவதில்லை, ஆகவே தெரியாத நாட்கள் 'பதினெட்டு அல்லாதவை' என்ற கணக்கில் தங்கிவிடும். அந்நாட்கள் வேண்டாமென்றால், விச்(ஓசோன் != 18) என்று சூழ்ந்து எழுதலாம்; கழித்தல் குறி இல்லாத விச் ஆபத்தற்றது, அது என்ஏ ஆன இடங்களை விட்டுவிடுகிறது. டிப்ளையர் தொகுப்பின் ஃபில்டரும் இவ்வாறே என்ஏ ஆன வரிகளை விட்டுவிடும் என்பதால், சதுர அடைப்புக்குறியிலிருந்து அதற்கு மாறுவோர் வரிகளின் எண்ணிக்கை வேறுபடுவதைக் கண்டு குழம்புவதுண்டு.

நீக்கிய வகை அட்டவணையில் இன்னும் தெரிகிறது

ஆர் மொழியோடு வரும் ஐரிஸ் தரவில் மூன்று மலரினங்களுக்கு ஐம்பது ஐம்பதாக 150 வரிகள் உள்ளன. இன நிரலிலிருந்து செட்டோசாவை நீக்கிவிட்டு டேபிள் எடுத்தால், செட்டோசா 0 என்று ஒரு கட்டம் தோன்றும். ஃபேக்டர் என்னும் வகை, மதிப்புகளைத் தவிர அவை எவையாக இருக்கலாம் என்ற பட்டியலையும் சுமக்கிறது. மதிப்பு போனாலும் பட்டியல் குறையாது. ட்ராப்லெவல்ஸ் என்னும் செயற்கூறால் அதைச் சுருக்கலாம். 2020-இல் வந்த 4.0.0 பதிப்பு முதல், கோப்பைப் படிக்கும்போது எழுத்து நிரல்கள் தாமாக ஃபேக்டர் ஆவதில்லை. அதற்கு முற்பட்ட ஆணைத்தொடர்களை இன்று ஓட்டுவோர் இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும்.

பிழைச்செய்தி வருகிறது, அல்லது வெக்டரே அழிந்துவிட்டது

பெயரிட்ட வெக்டரில் கழித்தல் குறிக்குப் பின் மேற்கோளிட்ட பெயரை எழுதினால், கழித்தல் குறிக்குப் பொருந்தாத மதிப்பு என்ற பிழைச்செய்தி வரும். எண்ணைத்தான் கழிக்க முடியும். நேம்ஸ்(அ) என்பதை %இன்% கொண்டு சோதியுங்கள். அ[3] <- நல் என்பதும் பிழையே. பட்டியல் (லிஸ்ட்) வகைக்குரிய வழக்கம் அது.

எதிர்ம எண்களைக் கையாளும்போது அ[அ<-5] என்று இடைவெளியின்றி எழுதிவிட்டால், '-5-க்கும் கீழான எண்கள்' என்ற பொருள் போய், அ என்ற மாறியில் 5 என்ற எண்ணை இடு என்றாகிவிடும். மூல வெக்டர் அழிந்துவிடும். தரவை மீண்டும் படிப்பதைத் தவிர வழியில்லை. குறிகளின் இருபுறமும் இடைவெளி விடும் பழக்கம் அழகுக்காக மட்டும் சொல்லப்படுவதன்று.

கண்ணுக்குச் சமமாகத் தெரிவதை ஆர் சமமாகக் கருதுவதில்லை

பதின்மங்களை முதலில் பார்ப்போம். சீக்(0, 1, 0.1) என்பது பதினொரு எண்களைத் தரும்; அவற்றை ஆ என்ற மாறியில் இடுவோம். அவற்றிலிருந்து 0.5-ஐ நீக்கினால் நீங்கும், 0.3-ஐ நீக்கச் சொன்னால் பதினொன்றும் அப்படியே இருக்கும். 0.1 என்பதை இரும எண்களில் முழுமையாக எழுத முடியாது. அதன் மும்மடங்கு, நாம் தட்டும் 0.3-லிருந்து பதினேழாம் பதின்ம இடத்தில் வேறுபடுகிறது. திரையில் ஏழு இலக்கங்களே காட்டப்படுவதால் வேறுபாடு தெரிவதில்லை. %இன்% இங்கு உதவாது. வேறுபாட்டின் அளவைப் பார்த்து நீக்க வேண்டும்:

ஆ[ஆப்ஸ்(ஆ - 0.3) > 0.00000001]

எண்களைப் போலத் தோன்றும் எழுத்துகளிலும் இதே தொல்லை உண்டு. நிரலில் எங்கோ ஒரு சொல் கலந்திருந்தால் முழு வெக்டரும் எழுத்து வகையாகிவிடும்; அதன்பின் ஒப்பீடு எழுத்துக்கு எழுத்து நடக்கும். '07' என்பது 7-க்குச் சமமாகாது. மேற்கோளிட்ட '100000' என்பதும் 100000 என்ற எண்ணுக்குச் சமமாகாது, ஏனெனில் அந்த எண்ணை எழுத்தாக்கும்போது ஆர் அதை அடுக்குக்குறி வடிவத்தில் எழுதுகிறது. முதலில் ஆஸ்.நியூமெரிக் கொண்டு எண்ணாக மாற்றிவிட்டு, பிறகு நீக்குங்கள்.

சொற்களில், ஓரத்து இடைவெளியே வழக்கமான காரணம். டிபுட் என்னும் செயற்கூறு மேற்கோள்குறிகளோடு காட்டுவதால் கடைசி இடைவெளி வெளிப்பட்டுவிடும். ட்ரிம்டபிள்யூஎஸ் அதை அகற்றும். இணையப் பக்கங்களிலிருந்து நகலெடுத்த தரவில் வரும் பிரியா இடைவெளியை மட்டும் அது தன் இயல்பான அமைப்பில் அகற்றாது.

தமிழ்த் தரவைக் கையாள்வோர்க்கு இன்னொன்றும் உண்டு. 'கோவை' என்ற ஊர்ப்பெயரை நீக்கச் சொல்கிறோம். சில வரிகளில் நீங்குகிறது, சில வரிகளில் நீங்குவதில்லை. இடைவெளி எதுவுமில்லை, எழுத்துப்பிழையும் இல்லை. யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னால் வரும் ஏகாரக் கொம்பு, பின்னால் வரும் கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. யூடிஎஃப்8டுஇண்ட் என்னும் செயற்கூறைக் கொண்டு (இதில் மட்டும் டு, இண்ட் ஆகியவற்றின் முதல் எழுத்துகளைப் பெரிய எழுத்தில் தட்ட வேண்டும்) பார்த்தால் முதலாவது 2965, 3019, 2997, 3016 என்று நான்கு எண்களாகவும், இரண்டாவது 2965, 3015, 3006, 2997, 3016 என்று ஐந்து எண்களாகவும் வரும். ஒகர, ஔகார உயிர்மெய்களுக்கும் இது பொருந்தும். தட்டச்சு மென்பொருள்கள் வேறுபடுவதாலும், பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய கோப்புகளாலும் இரண்டு வடிவங்களும் ஒரே நிரலில் கலந்துவிடுகின்றன. ஆர் இரண்டையும் தானாக ஒன்றாக்குவதில்லை. ஸ்ட்ரிங்கி தொகுப்பின் ஸ்ட்ரி_ட்ரான்ஸ்_என்எஃப்சி என்னும் செயற்கூறு, இரண்டு குறியீடுகளை ஒன்றாக இணைத்துச் சீராக்கும். கோப்பைப் படித்தவுடன் நிரல் முழுவதற்கும், நீக்க வேண்டிய சொற்களின் பட்டியலுக்கும் அதை ஓட்டிவிடுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் சீராக்கினால், இதுவரை நீங்கிவந்த வரிகளும் நீங்காமல் போகலாம்.